வெற்றிடத்துக்கும் கூலி உண்டு



சென்ற கோடையில் ஒரு நாள் காலைப் பூசை முடிந்ததும், பனையேறும் தொழிலாளி ஒருவரின் மனைவி அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். "சாமி, சென்னையிலிருந்து பத்துக் கிலோ கருப்பட்டிக்கு வாட்ஸ்அப்பிலே ஆர்டர் வந்திருக்கு. அனுப்புற வழிதான் தெரியல" என்றார். கைப்பேசியில் படம் போட்டு விற்கும்படி அவருக்கு யோசனை கூறியவன் நானே. ஆகவே, அனுப்பும் வழியையும் நானே காட்ட முன்வந்தேன்.

புதிய ஒலிபெருக்கி வந்த அட்டைப்பெட்டி ஒன்று அறைவீட்டில் கிடந்தது. கருப்பட்டி நொறுங்கலாகாது என்று, அதில் வைக்கோலைத் தாராளமாகத் திணித்துக் கட்டிக் கொடுத்தேன். கூரியர் நிலையத்தாரோ ஏறத்தாழ இருபது கிலோவுக்குக் கூலி கேட்டனர். அனுப்பும் செலவு தம்முடையது என்று அப்பெண் முன்னரே வாக்களித்திருந்தார். வாக்குத் தவறாமல் கொடுத்தார். ஒரு வாரம் அடுப்பின் முன் நின்று பதநீர் காய்ச்சிய இலாபம் அந்த ஒரு பெட்டியோடு போயிற்று. என்னை அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே என் உள்ளத்தை உறுத்தியது.

காரணத்தை விசாரித்தேன். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 5000-ஆல் வகுக்கிறார்கள். அந்த எண், தராசு காட்டும் எடை, இவ்விரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. 60, 40, 40 அளவுள்ள என் பெட்டி 19.2 கிலோ ஆயிற்று. 40, 30, 25 அளவுள்ள பெட்டியில் அதே கருப்பட்டி அடங்கியிருக்கும். கணக்கு 6 கிலோவே வரும். ஆகவே தராசு காட்டும் பத்துக் கிலோவுக்குக் கொடுத்தால் போதும். நான் அன்போடு சேர்த்தது வெற்றிடம்; அதற்கு விலை கொடுத்தவர் ஓர் ஏழைத்தாய்.

பின்னர் மற்ற வழிகளையும் கேட்டறிந்தோம். தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் மூலம் 35 கிலோ வரை அனுப்பலாம். பொதி வீட்டுக்கே சென்று சேரும். பாரம் மிகுந்தால் லாரி பார்சலே மலிவு. ஆனால் பெறுபவர் கிடங்குக்குச் சென்று எடுக்கவேண்டும். வீட்டில் சேர்ப்பிக்கத் தனிக் கூலி. சிறு பொதிக்கும் அங்கே குறைந்தபட்சக் கூலி உண்டு. ஆகவே ஐவர் தனித்தனியே அனுப்பினால் அக்கூலியை ஐந்து முறை கொடுக்க நேரிடும்.

இதை அறிந்த நம் பங்கின் ஐந்து பெண்கள் தங்கள் சென்னைப் பொதிகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பத் தொடங்கினர். அங்கே வேலை பார்க்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர் கிடங்கில் எடுத்து, வீடுகளில் சேர்க்கிறார். அவருடைய பெட்ரோல் செலவை ஐவரும் பகிர்ந்து கொள்கின்றனர்.

சிலுவை சுமக்கத் தோள் கொடுத்த சீரேனே ஊர்ச் சீமோனைப் பற்றி ஆண்டுதோறும் தபசுக் காலத்தில் பிரசங்கம் செய்கிறேன். பிறர் சுமையைத் தாங்க நல்லெண்ணம் மட்டும் போதாது, அச்சுமையின் எடையையும் அறிந்திருக்க வேண்டும் என்பதை அந்த அட்டைப்பெட்டியே எனக்குக் கற்பித்தது.

நஷ்டத்தை ஈடு செய்ய நான் பணம் நீட்டியபோது அப்பெண் வாங்க மறுத்தார். "பணம் வேண்டாம் சாமி. சின்னப் பெட்டி இருந்தா தாங்க" என்றார்.

உங்கள் இல்லங்களில் உறுதியான சிறு அட்டைப்பெட்டிகள் இருப்பின், ஞாயிறு பூசைக்கு வரும்போது கொண்டு வாருங்கள். அறைவீட்டுத் திண்ணையில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.