பெரிய நன்னியின் ஆண்டுக் கணக்கு

ஹிஜ்ரி ஆண்டு முறை ஏற்படுமுன் அரபு மக்கள் நிகழ்ச்சிகளைக் கொண்டே ஆண்டுகளைக் குறித்து வந்தனர். அப்ரஹாவின் படை மக்காவை நோக்கி வந்த ஆண்டு அவர்களுக்கு 'யானை ஆண்டு'. நம் உம்மம்மாவின் மூத்த சகோதரி, நாம் பெரிய நன்னி என்று அழைத்தவர், அம்முறையிலேயே வாழ்ந்து முடித்தார். பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. 1924ஆம் ஆண்டுக் கொள்ளிடப் பெருவெள்ளத்தில் அவரை இடுப்பில் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஓடினார்களாம். அதைக்கொண்டு 1923 என்று நாம் கணித்துக்கொண்டோம்.

பதினாறு வயதில் நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ரங்கூனில் கடை வேலை. மூன்று மாதம் ஊரிலிருந்துவிட்டுக் கப்பலேறினார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. பல இலட்சம் இந்தியர்கள் அரக்கான் வழியாகவும், மணிப்பூர், அஸ்ஸாம் மலைக்காடுகள் வழியாகவும் வெளியேறினர். காலராவிலும் பசியிலும் நடைவழியிலேயே மடிந்தோர் ஏராளம். வரலாற்று நூல்களில் இது ஒரு பத்தி. பெரிய நன்னிக்கு இது 'கடுதாசி நின்ற வருஷம்'.

1947 அவருக்கு நம் உம்மம்மாவின் நிக்காஹ் நடந்த ஆண்டு. 1964இல் பர்மிய அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, நம்மவர்கள் வெறுங்கையுடன் கப்பலில் திரும்பியபோது, சுற்றுவட்டாரத்தில் யார் வந்திறங்கினாலும் ஆள் அனுப்பி விசாரித்தார். 1969இல் மனிதன் நிலவில் இறங்கிய செய்தி வந்தபோது, "அவ்வளவு தூரம் போனவன் திரும்பி வந்துட்டானா?" என்று மட்டும் கேட்டாராம்.

காணாமற்போன கணவனுடைய வயதொத்தோர் மரணிக்கும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய நிலைப்பாடு. அதைத் தொண்ணூறு வயது என்று கணக்கிட்டோர் உண்டு. மாலிக்கி மத்ஹபிலோ நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின் இத்தா. நம் நாட்டுப் பெண்களின் துயர் கருதி, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் 1930களிலேயே மாலிக்கித் தீர்ப்பை எடுத்துரைத்தார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், நான்கு ஆண்டுகள் தகவலில்லாத கணவனிடமிருந்து விடுபட மனைவிக்கு வழி வைத்தது. ஆக 1946இல், இருபத்துமூன்று வயதில், அவருக்கு வாசல் திறந்தே இருந்தது. ஊரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. "சபர் செய்" என்றார்கள். அந்தப் பொறுமையைப் பயான்களில் புகழ்வோரை நாம் கேட்டிருக்கிறோம். தெரிந்தே காத்திருந்தால் அது பொறுமை. வழியிருப்பதே தெரியாமல் காத்திருந்ததற்கு அப்பெயரைச் சூட்ட நமக்கு மனம் வரவில்லை.

இவற்றையெல்லாம் மதரஸாவில் ஓதி முடித்தபின் அவரிடமே விளக்கினோம். வழி தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் கேட்டோம். "அதை அப்பவே கேட்டிருக்கணும் வாப்பா" என்றார்.

2006இல் அவர் வஃபாத்தானபோது கழுத்தில் கருகமணி இருந்தது. பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்வதற்காக வந்த மோதினார், கணவர் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' சேர்க்கலாமா என்று தயங்கிக் கேட்டார். அந்த மனிதர் உயிரோடிருந்தால் தொண்ணூற்றிரண்டு வயது. சேர்க்கச் சொன்னோம்.