ஐந்து கிராம் டியூப்

மெடிக்கல் ஷாப்பில் போய் "அண்ணே, புண்ணுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்றால் போதும். டாக்டர் சீட்டு எங்கே என்ற கேள்வி பெரும்பாலும் வராது. ஐந்து கிராம் டியூப் ஒன்று கவரில் விழும், சில்லறை திரும்பும், அவ்வளவுதான். அந்த அட்டைப்பெட்டியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். விற்பவரும் படிப்பதில்லை, வாங்குபவரும் படிப்பதில்லை.

அப்படி விற்கும் டியூப்களில் அடிக்கடி இருப்பது முபிரோசின். நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. சீழ் வைக்கும் சின்னப் புண்ணுக்கும் குழந்தைகளுக்கு வாயோரம் வரும் பொருக்குப் புண்ணுக்கும் டாக்டர்கள் எழுதித் தருவார்கள். கணக்கு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, அதிகபட்சம் பத்து நாள். வீட்டில் நடப்பதோ வேறு. இரண்டு நாள் பூசி எரிச்சல் அடங்கியதும் டியூப் ஃப்ரிட்ஜ் மேலே போய்விடும். ஆறு மாதம் கழித்து அதே டியூப் தம்பியின் முகப்பருவுக்கு, அப்புறம் பாட்டியின் படர்தாமரைக்கு. படர்தாமரை பூஞ்சையால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

(ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் சேர்த்துக் குழைத்த க்ரீம்கள் தனிக் கதை. அரிப்பு இரண்டே நாளில் நிற்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும். பூசும் ஸ்டீராய்டுகளில் 14-க்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது.)

நியோமைசின் கலந்த பவுடர், ஆயின்மென்ட்டில் இன்னொரு வேடிக்கை. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பூசிய இடம் சிவந்து, அரித்து, நீர் வடியும். பார்ப்பவருக்குப் புண் ஆறவில்லை என்றே தோன்றும். ஆகவே இன்னும் கொஞ்சம் பூசுவார். இன்னும் கொஞ்சம் அரிக்கும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2010-ல் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று நியோமைசினைத் தேர்ந்தெடுத்ததே! (இப்படி ஒரு பட்டம் வேறு இருக்கிறது :-))

இதெல்லாம் பூசியவர் தலையோடு போகிற கஷ்டம். மற்றவர் தலையில் விடியும் கஷ்டத்துக்கு நியூசிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே 1991-லிருந்து முபிரோசினைச் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் டாக்டரிடம் ஏன் ஓட வேண்டும் என்ற நியாயமான எண்ணம்தான். விளைவு? 1999 வாக்கில் சோதித்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளில் சுமார் 28 சதவீதம் முபிரோசினுக்கு மசியவில்லை. 2000-ல் மறுபடி சீட்டு கட்டாயம் ஆனது.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. டாக்டர்கள் ஃபியூசிடிக் ஆசிட் என்ற வேறொரு ஆயின்மென்ட்டுக்கு மாறினார்கள். 2013-க்குள் முபிரோசின் எதிர்ப்பு 11 சதவீதமாக இறங்கியது. ஆனால் ஃபியூசிடிக் ஆசிட் எதிர்ப்பு 17-லிருந்து 29 சதவீதமாக ஏறிவிட்டது. ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போட்ட மாதிரி.

இந்தக் கிருமி ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருப்பது. சாதாரணமாகத் தொல்லை தராது. ஆனால் மூட்டு மாற்று, இதய ஆபரேஷன் என்று போகும்போது, அது மூக்கிலிருந்து வெட்டுக்காயத்துக்கு இறங்கிவிடும் அபாயம் உண்டு. அதனால் பல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முன்பே மூக்கில் ஆயின்மென்ட் போட்டுக் கிருமியை விரட்டுவார்கள். என்ன ஆயின்மென்ட்? அதே முபிரோசின். எதிர்ப்புச் சக்தியைத் தரும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. ஆக, பருவுக்குப் பூசியவர் யாரோ, ஆபரேஷன் மேஜையில் படுப்பவர் யாரோ. காமர்ஸ் பாடத்தில் செலவுக் கணக்கு என்றால் மூலப்பொருள், கூலி, லாபம் எல்லாம் வரும். டியூபின் விலையில் இந்த மேஜைச் செலவு எங்கேயும் ஏறவில்லை. ஏறியிருந்தால் யாரும் பருவுக்கு வாங்கமாட்டார்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 2014 மார்ச்சில் வந்த ஹெச்-1 அட்டவணைப்படி, சில முக்கிய ஆன்டிபயாடிக்குகளை விற்றால் யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில் என்று கடைக்காரர் ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் தோலில் பூசும் மருந்துகளுக்கு அதில் விலக்கு. மாத்திரைக்குக் கணக்கு உண்டு, களிம்புக்குக் கிடையாது.

அப்போது சின்ன வெட்டுக்கு என்னதான் போடுவது? ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, மேலே வாசலின் தடவி மூடினால் பெரும்பாலும் போதும். 1996-ல் அமெரிக்காவில் சின்னத் தோல் ஆபரேஷன் செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு வெறும் வெள்ளை வாசலின், மீதிப் பேருக்குப் பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு கொடுத்துப் பார்த்தார்கள். சீழ் பிடித்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. களிம்பு பூசியவர்களில் நாலு பேருக்கு ஒவ்வாமை வந்தது. வாசலின்காரர்களில் ஒருவருக்கும் இல்லை.