காலி நிலத்து நடுவே ஒரு கோயில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கேட்டோ மேனர் பகுதியின் பெல்லேர் சாலையோரம் அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பிய கோயிலை 1905 வெள்ளம் அடித்துப் போனது. தப்பிய கதவுகளைக் காப்பாற்றி வைத்திருந்து, 1947இல் இங்கே கட்டிய கோயிலுக்கு மாட்டினார்கள். அடுத்து வந்தது சட்டம். அது கோயிலை விட்டுவிட்டுக் கும்பிட வந்தவர்களை அடித்துப் போனது.

அப்போது சுற்றிலும் இந்தியர்களின் காய்கறித் தோட்டங்கள். அவர்களிடம் வாடகைக்கு இடம் பிடித்துத் தகரக் குடிசை போட்டிருந்தார்கள் ஆப்பிரிக்கர்கள். ஒட்டி உறவாடினார்கள் என்று சொல்வதற்கில்லை. 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். இனங்களைப் பிரித்து வைத்தால்தான் அமைதி என்று வாதாட அரசுக்கு அது நல்ல சாக்கு. 1950இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது: அவரவர் இனத்துக்கு ஒதுக்கிய வட்டாரத்தில்தான் வீடும் கடையும். ஆப்பிரிக்கருக்கு இன்னொரு பூட்டும் உண்டு. 1952 சட்டப்படி, தனி உரிமையோ அனுமதியோ இல்லாமல் நகரில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம்.

இந்தக் காவலுக்கெல்லாம் டர்பன் நகரசபை பணம் புரட்டிய விதம்தான் அநியாயம். 1908 முதல் சோளத்தில் காய்ச்சும் பீரை ஆப்பிரிக்கருக்கு விற்கும் உரிமை நகரசபைக்கு மட்டுமே. வீட்டில் காய்ச்சிய பெண்களைத் தேடிப் போலீஸ் வந்து சரக்கைத் தரையில் கொட்டும். நகரசபை மதுக்கூட வருமானமோ ஆப்பிரிக்கரை அடக்கி ஆளும் துறைக்கே போனது. குடித்தவன் காசில் அவனுக்கே விலங்கு! 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் கம்போடு மதுக்கூடத்துக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விளாசி, பீரைக் கொட்டிக் கவிழ்த்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டே அந்தப் பகுதி வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆப்பிரிக்கரை வடக்கே க்வாமாஷுவுக்கும், இந்தியரைத் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். வீடுகளை இடித்தார்கள். ஆனால் வெள்ளையர் குடியேறவே இல்லை. பெரும்பகுதி நிலம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு புதர் மண்டிக் கிடந்தது. துரத்தப்பட்டவர்கள் மட்டும் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் தீமிதிக்கு வந்துபோனார்கள்.

கோயில் பின்னாளில் தேசிய நினைவுச்சின்னமானது. 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்களில் பலர் கடைசியில் இழப்பீட்டோடு ஒதுங்க வேண்டியதாயிற்று. அதற்குள் அங்கே ஏழை ஆப்பிரிக்கக் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அவர்களுக்காக வீட்டுத் திட்டமும் தொடங்கியிருந்தது.