நிழலுக்கும் பருவம் உண்டு

பிரிம்ரோஸ் ஒரு நிழல்செடி என்று நாற்றுப்பண்ணை அட்டைகளில் போட்டிருப்பார்கள். அது பாதி உண்மைதான். இங்கிலாந்தில் அது தானாக முளைத்துக் கிடக்கும் இடங்களைப் போய்ப் பார்க்க வேண்டும்: ஹேசல் காடுகள், பழைய வேலியோரங்கள், ஈரம் காயாத மண்சரிவுகள். மார்ச் மாதம் அங்கே மரங்கள் மொட்டையாக நிற்கும். வெயில் தரைவரை இறங்கும். மே மாதம் இலை அடர்ந்ததும் அதே இடம் இருண்டு குளிர்ந்துவிடும். இந்தச் செடி கேட்பது இரண்டையும்தான். பூக்கும்போது வெளிச்சம் வேண்டும், பூத்து ஓய்ந்தபின் நிழல் வேண்டும்.

ஹேசல் மரங்களை அடியோடு வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க விடுவது இங்குள்ள பழைய வழக்கம். வெட்டிய இடத்தில் அடுத்த சில வசந்தங்களுக்குத் தரையே தெரியாமல் வெளிர்மஞ்சள் பூத்துக் கிடக்கும். கிளைகள் வளர்ந்து மேலே மூடிக்கொண்டால் செடி இருக்கும், பூ குறைந்துவிடும். அதனால்தான் வருடம் முழுவதும் இலை உதிராத மரங்களின் அடியில் இதை நான் நடுவதில்லை. என் தோட்டத்தில் இதற்கான இடம் ஆப்பிள் மரத்தடியும் ஹேசல் புதரோரமும்தான்.

மண் களிமண்ணாக இருந்தால் கவலை வேண்டாம். கனத்த மண் இதற்குப் பிடிக்கும். மணற்பாங்கான நிலத்தில்தான் பாடுபட வேண்டும். எந்த மண்ணானாலும் நவம்பரில் உதிரும் இலைகளைக் கூட்டி மட்கவைத்து, அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ செடியைச் சுற்றிப் பரப்புவேன். இந்த இலைமட்குக்கு ஈடான உரம் எந்தக் கடையிலும் இல்லை.

பூவை ஒருமுறை குனிந்து உற்றுப் பாருங்கள். சில செடிகளில் பூவின் நடுத்துளையில் பச்சையாக ஒரு சிறு உருண்டை தெரியும், அது சூல்முடி. வேறு சில செடிகளில் அதே இடத்தில் மகரந்தப்பைகள் வளையமாகத் தெரியும். சூல்முடி உள்ளே பூக்குழாயின் பாதியில் ஒளிந்திருக்கும். ஒரு செடியில் ஒரு வகைதான் பூக்கும். இரண்டு வகைக்கும் இடையே மகரந்தம் மாறினால்தான் நன்றாக விதை பிடிக்கும் என்பதை 1862இல் டார்வின் எழுதிய கட்டுரை விளக்கியது. தோட்டக்காரருக்கு இது வெறும் அறிவியல் செய்தி இல்லை. ஒரே செடியைப் பிரித்துப் பிரித்துத் தோட்டத்தை நிரப்பினால் அத்தனையும் ஒரே வகையாகத்தான் இருக்கும். பூ குலுங்கும், விதை அரிதாகவே கட்டும்.

விதை கட்டினால் எறும்புகள் வந்துவிடும். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக அதை இழுத்துக்கொண்டு போய், துணுக்கைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். செங்கல் இடுக்கிலும் பாதையோரத்திலும் முளைப்பவை அவை விதைத்தவை. எறும்பை முந்த வேண்டுமென்றால், கோடையின் தொடக்கத்தில் காய் முதிரும்போதே பறித்து, ஈரமான கலவையின் மேல் உடனே தூவிவிட வேண்டும். மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். காய்ந்த விதை குளிர்காலத்தைக் கடந்துதான் கண் திறக்கும்.

இந்தப் பராமரிப்பில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, பூ ஓய்ந்ததும் தூர் பிரிப்பது. சில ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தால் செடியின் கழுத்து மண்ணுக்கு மேலே ஏறி வந்துவிடும். புது வேர் ஊன்ற வழியில்லாமல் பூ சிறுக்கும். ஈரமான ஒரு நாளில் தூரைத் தோண்டி, வேரிலுள்ள மண் போகும்படி வாளித் தண்ணீரில் அலசினால், எது எங்கே பிரியும் என்று தானே தெரியும். விரலால் மெல்ல இழுத்தால் போதும், கத்தி அநேகமாகத் தேவைப்படாது. முதிர்ந்து மரத்துப்போன அடித்தண்டை நீக்கிவிட்டு, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கி நட வேண்டும். அந்தக் கோடை முழுவதும் தண்ணீர் தவறக்கூடாது. சர்ரேயில் தோட்டக்கலைஞர் கெர்ட்ரூட் ஜீகில் தன் மன்ஸ்டெட் வுட் தோட்டத்து மரநிழலில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புகழ்பெற்ற ஒரு பிரிம்ரோஸ் இனத்தையே தேர்ந்தெடுத்து வளர்த்தெடுத்தார். அத்தகைய தோட்டத்தின் அழகு வசந்தத்தில் தெரியும், உழைப்பு அதற்கு முந்தைய கோடையில் இருக்கும்.

பகைகளில் நத்தையையும் சிட்டுக்குருவியையும் பொறுத்துக்கொள்ளலாம். கூன்வண்டின் புழுவை மட்டும் விடக்கூடாது. வெண்மையான உடலும் பழுப்புத் தலையுமாக மண்ணுக்குள் இருந்துகொண்டு, இலையுதிர்காலம் முதல் வசந்தம்வரை வேரைத் தின்றுகொண்டே இருக்கும். இலை விளிம்பில் அரைவட்டக் கடி தெரிந்தால் வண்டு வந்துவிட்டது என்று பொருள். ஆகஸ்டு, செப்டம்பரில் அந்தப் புழுவைக் கொல்லும் நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றுவதே நம்பகமான தீர்வு.

காட்டிலிருந்து மட்டும் இதைத் தோண்டி வராதீர்கள். நிலத்துக்காரரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு எடுப்பது இங்கே 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை நாற்றுப்பண்ணையில், பூவோடு இருக்கும்போதே வாங்குங்கள். ஒவ்வொரு பூவின் நடுவையும் பார்த்து, இரண்டு வகையும் கலந்திருக்கும்படி எடுங்கள்.