தலையணைக்குப் போகாத வேன்

வண்ணார்பேட்டையில் நம்மிடம் ஓதும் மக்தப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஒருநாள் சுற்றுலா உண்டு. 2018 ஏப்ரலில் களக்காடு தலையணைக்குச் செல்வதென்று முடிவாயிற்று. பச்சையாற்றில் குளித்து, கொண்டுபோகும் பிரியாணியை உண்டு, அஸர் தொழுதுவிட்டுத் திரும்புவது நமது திட்டம். பிள்ளைகள் ஒரு வாரமாக அதே பேச்சாக இருந்தனர்.

பெற்றோர் சிலருக்குத் தயக்கம் இருந்தது. அதற்கு முந்தைய மாதம், மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில், ஆளுயரம் காய்ந்து நின்ற புல்வெளியில் அவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. உயிரிழந்தோர் 23 பேர். அருவிக்கரையில் குளிப்பதும் மலையேறுவதும் ஒன்றல்ல என்று கூறி, பெற்றோரைச் சமாதானப்படுத்தியது நாம்தான்.

காலை ஏழரை மணிக்கு ஏர்வாடியில் நம் சாச்சா வீட்டின் முன் வேன் நின்றது. தேநீர் குடிக்க இறங்கிய நாம் முதலில் கண்டது மலைமேல் நின்ற புகையைத்தான். மேகம் என்றே எண்ணினோம். “மூன்று நாளாக எரிகிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள்” என்றார் சாச்சா.

உடன் வந்திருந்த ஒரு மாணவரின் தந்தைக்கு அது ஏற்கவில்லை. “தீ எங்கோ எதிர்ச் சரிவில் அல்லவா எரிகிறது? அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துப் போவோம், ஹஸ்ரத்” என்றார். பிள்ளைகளும் நம் முகத்தையே பார்த்தனர். உண்மையைச் சொன்னால், நமக்கும் போகத்தான் ஆசை.

அப்போது உமர் (ரலி) அவர்களின் ஷாம் பயணம் நினைவுக்கு வந்தது. அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் அறிந்து அவர்கள் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பசுமையும் வறட்சியுமான இருகரைப் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்ப்பீர் என்றும் கேட்டார்கள். இதைப் பிள்ளைகளுக்குப் பலமுறை கற்பித்திருக்கிறோம். வாடகை வேனை நிறுத்திவைத்துக்கொண்டு அதன்படி நடப்பது வேறு பாடம். தலையணைக்குப் போகவில்லை என்றோம். இரண்டு சிறுவர்கள் அழுதேவிட்டனர்.

பகல் முழுவதும் சாச்சாவின் வாழைத்தோப்பில் கழிந்தது. பம்புசெட்டுத் தண்ணீரில் குளித்ததும் அழுகை நின்றது. சாச்சாவுக்குத்தான் நிம்மதியில்லை. காடு எரிந்தால் மிளாவும் பன்றியும் கீழே இறங்கும். குலைதள்ளிய வாழைதான் முதல் இலக்கு. மூன்று இரவுகளாக அவர் பரணில் கண்விழித்திருந்தார். ஆடு மேய்ப்போர் அடிவாரத்தை விட்டு விலகிவிட்டனர். சுள்ளி பொறுக்கச் செல்லும் பெண்களுக்கும் வேலையில்லை. நமக்கு ஒருநாள் சுற்றுலா போயிற்று. அவர்களுக்கு மாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை இறங்கும்வரை இதே கவலை.

அந்த மலை 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. கோடைக்கு முன்பே காய்ந்த சருகையும் புல்லையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பார்களாம். அதையும் மீறிப் பற்றினால், தண்ணீர் கொண்டுசெல்ல முடியாத சரிவில் பச்சைக்குழைகளை ஒடித்து அடித்தே அணைக்க வேண்டும். அதுவும் எளிதன்று. சரிவில் தீ மேல்நோக்கி விரையும். கீழே எழும் வெப்பமே மேலுள்ள புல்லைக் காயவைத்துவிடும். மேலே ஓடித் தப்ப நினைப்பவரையும் அது முந்திவிடும் என்றார் சாச்சா. குரங்கணியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மஃரிபுக்குப் பின் புகை மறைந்து, மலைமேல் செந்நிறக் கோடு ஒன்று தெரிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் கேட்டான்: “அதை யார் பற்றவைத்தது, ஹஸ்ரத்?”

சாச்சா பதில் சொன்னார். பெரும்பாலும் மனிதர்தாம், அணையாத பீடித்துண்டு, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு, மழைக்குப் பின் இளம்புல் துளிர்க்கட்டும் என்று சிலர் வேண்டுமென்றே வைப்பது. இரண்டாவதைக் கேட்டதும் நாம் தலைகுனிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுடன் இதே மலையடிவாரத்தில் மூன்று கல் வைத்துச் சோறு ஆக்கினோம். நேரமாகிவிட்டதென்று கங்கின் மேல் காலால் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தோம். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்தபோது, நெருப்பு உங்கள் பகை, உறங்குமுன் அணைத்துவிடுங்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை அன்றும் நாம் அறிந்தே இருந்தோம். அந்த அடுப்பு பிறகு என்னவாயிற்று என்று இன்றுவரை தெரியாது.

பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொன்னோம். எவனும் சிரிக்கவில்லை. ஊருக்குப் புறப்படும் நேரத்தில், மதியம் பிரியாணி சூடேற்றிய அடுப்பில் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். ஒரு வாளி போதும். அவர்கள் மாறிமாறி ஏழு வாளி ஊற்றினர். தோப்பில் சேறாகிவிட்டதென்று சாச்சா வேன் கிளம்பும்வரை திட்டிக்கொண்டிருந்தார்.