வடகடலா, தென்கடலா?

ராயபுரத்துத் தெருக்களில் தையல் இயந்திரங்களின் ஓசை ஓயும் நாட்கள் ஆண்டுக்கு மிகச் சிலவே. தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் கோடை விடுமுறை ஆகிய இம்மூன்று வேளைகளில்தான் பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் நான்கு நாள் வெளியூர் சென்றுவர எண்ணுகின்றன. நொய்யலன்றி வேறு நீரோட்டம் காணாத நம் பிள்ளைகளுக்கு (நொய்யலின் நிலையை இங்கே சொல்லாதிருப்பதே நலம்) கடல் என்றதும் எழுவது ஒரே ஆசைதான்: இறங்கிக் குளிக்கவேண்டும். ஆகவே, எந்தக் கடற்கரைக்குச் செல்வது என்ற வினா பெற்றோருக்கு வெறும் பொழுதுபோக்கு வினாவன்று. இதை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன்.

2025 மே மாதத்தில் நாங்கள் இரு குடும்பத்தினர், என் தாயார் உட்பட ஒன்பது பேர், வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு ராமேஸ்வரம் தீவுக்குப் புறப்பட்டோம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடும்பயணம். 1988-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாம்பன் சாலைப் பாலத்தின்மீது வண்டி ஏறியபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது. 1914-இல் அமைந்த பழைய ரயில் பாலத்தையும், 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய செங்குத்துத் தூக்குப் பாலத்தையும் பிள்ளைகள் அருகருகே கண்டு மகிழ்ந்தனர். என் தாயாரோ ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவேயில்லை.

அறையை ராமேஸ்வரம் நகரில் முன்பதிவு செய்திருந்தோம். கடலை நோக்கிய அறை என்று தொலைபேசியில் சொன்னார்கள். சன்னலைத் திறந்தால் அடுத்த விடுதியின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. அது போகட்டும். அன்று காலையே விவாதம் தொடங்கிவிட்டது. தனுஷ்கோடிக்குப் போகவேண்டும், படங்களில் காண்பதுபோல் நீலக்கடல் அங்கேதான் இருக்கிறது என்றார் என் மைத்துனர். பக்கத்திலுள்ள அக்கினி தீர்த்தக் கரையே போதும் என்றாள் என் மனைவி. மைத்துனரே வென்றார்.

2017-ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனைவரை நல்ல தார்ச்சாலை இருக்கிறது. இருபுறமும் கடல், நடுவே ஒரு நாடாவைப்போல் மணல். அக்காட்சிக்கு நிகராக நம் மாநிலத்தில் வேறொன்றை நான் கண்டதில்லை. ஆனால் முனையில் இறங்கியதும் மைத்துனரின் மகன், பதினான்கு வயதுச் சிறுவன், எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தும் பாராதவனாய் தென்புறத்து நீரில் ஓடி இறங்கிவிட்டான். முழங்காலளவு நீர்தான். அடுத்த அலை திரும்பியபோது அவன் காலடி மணலையும் சேர்த்து இழுத்துச் சென்றது. மார்பளவு நீரில் அவன் தடுமாறியதை நாங்கள் கரையில் நின்று பார்த்தோமேயன்றி ஒருவருக்கும் கால் எழவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரே பாய்ந்து சென்று அவன் சட்டையைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்தார்.

"மே மாசத்துல தென்கடல்ல இறங்கலாமாண்ணே? கச்சான் வந்திருச்சுல்ல!" என்று அவர் என் மைத்துனரைக் கடிந்துகொண்டார். கச்சான் என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. எங்களை மணலில் அமரச்செய்து அப்பெரியவர் சொன்னவற்றை, நான் பின்னர் படித்தறிந்தவற்றோடு சேர்த்து, வாசக நேயர்களுக்கு எழுதுகிறேன்.

இத்தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. ஊரார் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். வடகடல் ஆழமற்றது, பெரும்பாலான இடங்களில் 10 அல்லது 15 மீட்டரைத் தாண்டாது. தென்கடலோ கரையிலிருந்து செல்லச்செல்ல 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைவது. இதனால்தான் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். ஆயினும் பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை. மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தென்கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. அப்போது வடகடல் குளம்போலிருக்கும். அக்டோபர் முதல் ஜனவரிவரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது நிலைமை தலைகீழாகிறது: வடகடல் கொந்தளிக்க, தென்கடல் அடங்கிவிடுகிறது. மீனவர்களில் பலர் காற்றின் பருவத்திற்கேற்பப் படகையும் வலையையும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றித் தொழில் செய்வது இதனாலேயே.

"எந்தப் பக்கம் நாட்டுப்படகு கடல்ல நிக்குதோ, அந்தப் பக்கம் குளிங்க" என்றார் அவர். நாட்டுப்படகு என்று குறிப்பாகச் சொன்னதற்குக் காரணமுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அவை நம் கோடை விடுமுறையில் எவ்வாறாயினும் கரையில்தான் நிற்கும். அவற்றைக் கொண்டு கடலை மதிப்பிட இயலாது. (மீன் விலை ஏன் அவ்வளவு உயர்ந்திருந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.)

காற்று மட்டுமன்றி வேறோர் ஆபத்தும் உண்டு. தொலைதூர இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களால், இங்கே காற்றே இல்லாத நாளிலும் பெரும் அலைகள் திடீரெனக் கரையேறும். கேரள, குமரி மீனவர் இதைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே 6-ஆம் நாள் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரைக் கடல் கொண்டுசென்றது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் அந்நாட்களுக்கு முன்னெச்சரிக்கை விடுத்திருந்தது. படித்த பிள்ளைகளுக்கே நேர்ந்தது அது. பயணத்திற்கு முன் அவ்வெச்சரிக்கையைச் செய்தித்தாளிலோ வானொலியிலோ கேட்டறிவது, அறை முன்பதிவைவிட முக்கியமென்று இன்று நான் கருதுகிறேன். நீரோட்டம் இழுக்கும்போது கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைப்பே மிஞ்சும்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகியபின்பே கரை திரும்பவேண்டும். ஆனால் நீந்தத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு இவ்வறிவுரையால் என்ன பயன்?

மறுநாள் எங்கள் திட்டம் முற்றிலும் மாறியது. நகருக்கு வடகிழக்கேயுள்ள ஓலைக்குடாவுக்குச் சென்றோம். நெடுந்தூரம் இடுப்பளவுக்கு மேல் ஏறாத நீர். அடியில் பாறையும் பவளமும் இருப்பதால் செருப்பின்றி இறங்கலாகாது. என் இளைய மகள் காலைக் கீறிக்கொண்டாள். பவளத் துண்டு எதையும் எடுத்துவருவது சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைத்தல் நன்று. மூன்றாம் நாள் பாலத்தைத் திரும்பக் கடந்து அரியமான் சென்றோம். கணக்குப்படி அது தீவிலன்று, உச்சிப்புளியை அடுத்த பெருநிலத்தில் உள்ளது. எனினும் சவுக்கு மரநிழலும், வடகடலின் மணற்பாங்கான ஆழமற்ற கரையும் ஒருங்கே வாய்த்த இடம் அதுவே. என் தாயார் அங்கேதான் முதன்முறையாகக் கடலில் கால் நனைத்தார். கோடையில் சிறுபிள்ளைகளோடு செல்வோர் முதலில் அரியமானையே எண்ணிப்பார்க்கலாம் என்பது என் கருத்து.

அக்கினி தீர்த்தமும் கோடையில் அமைதியான நீர்தான். ஆனால் அது இந்து அன்பர்கள் முன்னோர்க்குக் கடன் கழிக்கும் புனிதத் துறை. அங்கே நம் பிள்ளைகளைப் பந்து விளையாட விடுவது முறையன்று.

பொங்கல் விடுமுறையில் செல்வோர் தென்கரையை நாடுவது மேல். விவேகானந்தர் 1897 ஜனவரியில் வந்திறங்கிய குந்துகால் அப்பக்கத்தில்தான் உள்ளது. தீபாவளிக் காலத்தைக் குளியலுக்கென நான் பரிந்துரைக்கமாட்டேன். மழையும் புயலும் அப்பருவத்திற்குரியவை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி எழுந்த புயலில் தனுஷ்கோடி ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் கடலில் மாண்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. அங்கே கூரையிழந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்களை எவ்விருப்பத்தோடு சென்றவரும் ஒருமுறை காணவேண்டும். காண்பதற்குத் தனுஷ்கோடி, குளிப்பதற்கன்று. மாலைக்குப்பின் அங்கே தங்க அனுமதியும் இல்லை.

புறப்படும் நாள் ஞாயிறு. தங்கச்சிமடத்தில் காலைத் திருப்பலி கண்டுவிட்டு, அம்முதியவருக்கென்று என் மைத்துனர் வைத்திருந்த பனியன் பொதியோடு மீண்டும் அரிச்சல்முனைக்குச் சென்றோம். அவர் அங்கில்லை. வடகடலுக்குத் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்றனர். வலைக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் பொதியைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினோம்.