ஒரு கைக்கு ஒரு கட்டு

நகோயா ரயில் நிலையத்தில் மெய்டெட்சு ரயில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் அரிமாட்சு வந்துவிடுகிறது. வழி நெடுக அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிக்கூடங்கள், மொட்டைமாடியில் காயும் துணிகள். நகோயா மாநகரின் 16 வார்டுகளில் மக்கள்தொகை மிகுந்தது அரிமாட்சு இருக்கும் மிதோரி வார்டுதான். 1963இல் நாருமி என்ற ஊரை மாநகரோடு இணைத்தபோது உருவான வார்டு இது; அரிமாட்சு மறு ஆண்டு சேர்ந்தது. காலையில் வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புகிறவர்களின் புறநகர். இதற்குள்ளேதான் 400 ஆண்டுகளாகத் துணியைக் கட்டிச் சாயமிடும் ஷிபோரித் தொழில் நடக்கிறது. மதுரைச் சுங்குடி பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கைகளைப் பார்க்க ஆசை.

நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பழைய தோகாய்தோ சாலை. எடோ நகரத்தையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் இணைத்த பெருவழி அது. பிற்காலத்தில் போக்குவரத்து முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு மாறியதால் இந்தச் சுமார் 800 மீட்டர் தெரு இடிபடாமல் தப்பியது. இருபுறமும் கனத்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஓட்டுக் கூரை. 1784இல் தீப்பிடித்து ஊரே எரிந்தது. புல் வேய்ந்த வீடுகளை விட்டுவிட்டு, தீக்குத் தாங்கும் வீடுகளாக வணிகர்கள் திரும்பக் கட்டினார்கள். அவ்வளவும் சாயத்துணி விற்று வந்த பணம்.

ஊர் பிறந்தது 1608இல். நாருமிக்கும் சிரியூவுக்கும் நடுவே ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுவழியில் குடியேற வருகிறவர்களுக்கு ஒவாரி ஆட்சியாளர்கள் சலுகை கொடுத்தார்கள். விளைநிலம் போதாது. வந்தவர்களில் ஒருவரான தகேதா ஷோகுரோ, நகோயா கோட்டை கட்ட வந்திருந்த புங்கோ நாட்டு ஆட்களிடம் இருந்த கட்டுச்சாயத் துணியைப் பார்த்து, அதைப்போல் பருத்தித் துண்டில் செய்து வழிப்போக்கர்களுக்கு விற்றார் என்பது ஊர் வரலாறு. பருத்தி பக்கத்திலேயே மிகாவாவிலும் சிதாவிலும் விளைந்தது. வாங்குகிறவர்கள் வாசலிலேயே நடந்து போனார்கள். ஓவியர் ஹிரோஷிகே நாருமியை வரைந்தபோது இந்தத் துணிக்கடைகளைத்தான் வரைந்தார்.

தெருவிலுள்ள ஷிபோரிக் கூடத்தின் மாடியில் வயதான அம்மாக்கள் உட்கார்ந்து துணி கட்டிக் காட்டுகிறார்கள். ஒருவர் முன்னால் சிறு மரத்தாங்கி, அதன் நுனியில் வளைந்த ஊசிக் கொக்கி. துணியில் நீலப் புள்ளி தெரிகிறது. பூச்சாற்று மையால் அச்சுவழி இட்ட குறி அது, தண்ணீர் பட்டால் போய்விடும். புள்ளியைக் கொக்கியில் மாட்டி இழுக்கிறார், மடிப்புகளை விரலால் ஒழுங்கு செய்கிறார், அடியிலிருந்து நுனிவரை நூலைச் சுற்றுகிறார். துணி கூம்பாக நிற்கிறது. சாயத்தில் முக்கிப் பிரித்தால் அது சிலந்தி வலையாக விரியும். நான் துணி ஏட்டில் இருந்த மற்றொரு வகையைக் காட்டிக் கேட்டேன். அது தன் வேலை இல்லை, அதற்கு வேறொருவர் உண்டு என்று துணையாக வந்தவர் மூலம் சொன்னார்.

அந்தப் பதிலில்தான் இந்தத் தொழிலின் முழு அமைப்பும் இருக்கிறது. நூறுக்கு மேற்பட்ட கட்டு முறைகள் இங்கே உண்டு. ஒருவர் ஒன்றைத்தான் ஆயுள் முழுதும் செய்வார். மியூரா எனப்படும் கட்டைக் கட்டுகிறவர் சிலந்திக் கட்டைத் தொடமாட்டார். அச்சு வெட்ட ஒருவர், குறியிட ஒருவர், கட்ட ஒருவர், சாயமிட ஒருவர், நூலைப் பிரிக்க ஒருவர், நீராவியில் துணியை நேராக்க ஒருவர். முடிச்சுப் போடாமல் சுற்றும் கட்டுகளில், சாயம் காய்ந்த துணியை இரு பக்கமும் வெடுக்கென்று இழுத்தால் நூல் படபடவென்று கழன்று விழுகிறது. 12 மீட்டர் நீளக் கிமோனோத் துணி ஒன்று இப்படிப் பல வீடுகள் ஏறி இறங்கித்தான் கடைக்கு வருகிறது. கட்டும் வேலை பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பெண்கள் தங்கள் வீட்டில் சமையலுக்கும் வயலுக்கும் நடுவே செய்தது.

ஆகவே இது என்றைக்குமே குடியிருப்புகளின் தொழில்தான். புறநகர் வந்து தொழிலை விரட்டியது என்று நான் நினைக்கவில்லை. கிமோனோ உடுத்துவது குறைந்தது. கட்டும் வேலை கூலி மலிவான கொரியாவுக்கும் பிறகு சீனாவுக்கும் போயிற்று. பிள்ளைகள் மாதச் சம்பளத்துக்குப் போனார்கள். ஒரு கைக்கு ஒரு கட்டு என்ற முறை நுட்பத்தை உச்சிக்குக் கொண்டுபோனது. அதுவே ஆபத்தாகவும் ஆனது. ஒருவர் ஓய்ந்தால் ஒரு வடிவமே ஓய்கிறது. நீண்ட கம்பத்தில் துணியைச் சுற்றி, நூலிட்டு, நெருக்கித் தள்ளிச் சாய்மழைபோல் கோடு வரவைக்கும் 'அராஷி' முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே பிறந்து, ஆள் இல்லாமல் அருகிப்போனது. துணிக் கலைஞர் யோஷிகோ வாடா போன்றவர்கள் எழுதியும் கற்றுக்கொடுத்தும் பரப்பியதால் அமெரிக்கக் கலைஞர்கள் பிவிசி குழாயில் அதைச் செய்கிறார்கள். அந்த முறையை ரகசியமாகவே வைத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

அரசு தன் பங்கைச் செய்திருக்கிறது. 1975இல் இந்த ஷிபோரியை மரபுக் கைவினை என்று அறிவித்தது. 2016இல் தெருவைப் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பகுதியாக்கியது. சுவருக்குச் சட்டம் காவல் இருக்க முடியும். விரலுக்குக் கூலிதான் காவல். இதைப் புரிந்துகொண்டவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இங்குள்ள சாயக் குடும்பத்தில் பிறந்த ஹிரோயுகி முராசே 2008இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் 'சுசுசான்' நிறுவனத்தைத் தொடங்கினார். சால்வை, விளக்குறை என்று இன்று வீட்டில் புழங்கும் பொருளுக்கு அதே கட்டு. வேலை அரிமாட்சுவில் நடக்கிறது, இளைஞர்கள் பழகுகிறார்கள்.

அந்த அம்மாவின் கையில் இருப்பது ஒரே ஒரு கட்டு. அது அவரோடு போகாமல் இருக்க வேண்டுமானால், அதைக் கற்க வருகிற இருபது வயதுக்காரருக்கு இந்த வார்டிலேயே வாடகை கொடுத்து வாழும் அளவுக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும். கைத்தொழிலைக் காப்பது பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.